கொல்லை அறையில் அம்மா

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அகத்தில் மாதவிலக்கான பெண்கள் மூன்று நாள் கொல்லைப்புற அறையில் தனியாக இருக்க வேண்டும். நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வரலாம். அறுபதுகளின் தொடக்கத்தில், அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், இந்த முறை குலைந்துபோனது. குளித்துவிட்டு அடுப்படிக்கு வந்த மறுநாளே திரும்பக் கொல்லைக்குப் போவாள். பிறகு வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தாள். நான் காலேஜை விட்டுவிட்டு அடுப்படியில் தளிகை பண்ணினேன்.

"நிக்கப்போற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்றாள் அடுத்த தெருவிலிருந்த அத்தை, அப்பாவின் அக்கா. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். அம்மாவும் அதை நம்பினாள். மார்கழி முழுக்கப் பெருமாளைச் சேவிக்க முடியவில்லையே என்பதுதான் அவளுடைய குறை.

ஒரு நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். அப்பாவும் நானும் தென்னூரில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனோம்.

"இவ்வளவு நாள் ஏம்மா சும்மா இருந்தீங்க?"

"வயசுக் கோளாறுன்னு நெனச்சேன் டாக்டர்."

"அதுவும் ஒரு காரணம்தான். கர்ப்பப்பையில சாதாரணக் கட்டி இருந்தாலும் இப்படிப் போகும். தைராய்டு கெட்டாலும் போகும். வேற மாதிரியும் இருக்கலாம். பாக்காம எப்படிச் சொல்றது?"

பரிசோதனைகள் முடிந்தபின் அப்பாவையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். கர்ப்பப்பை வாயில் புற்று. பரவிவிட்டது. முன்னாலேயே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார்.

பஸ்ஸில் காவேரிப் பாலத்தைத் தாண்டித் திரும்பினோம். அப்பா கோயில் கைங்கர்யத்தில் இருந்தவர். ஆசாரத்தில் ஒரு இம்மி விடமாட்டார். வாசலுக்கு வந்ததும் அம்மா பழக்கப்படி பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குத் திரும்பினாள்.

"அங்கே போகாதே. உள்ளே வா" என்றார்.

"ஏன்னா, நான் தீட்டு. என்னைத் தொடப்படாது."

அப்பா அவள் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துவந்து, தன் படுக்கையில் படுக்கவைத்தார். சாத்தமுது சாதத்தை, ரசம் நிறைய விட்டுக் குழையப் பிசைந்து ஊட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள், கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

அதன்பிறகு அத்தை எங்கள் அகத்தில் தீர்த்தம்கூடச் சாப்பிடவில்லை. தீட்டோடு சன்னிதிக்குள் போகக்கூடாதென்று அப்பா கைங்கர்யத்தைத் தன் தம்பியிடம் விட்டார். அம்மாவின் துணிகளை நான் அலசினால், அவர் வாங்கிப் பிழிந்து உலர்த்துவார்.

உதிரம் நிற்கவேயில்லை. பங்குனி பிறப்பதற்குள் அம்மா போய்விட்டாள், நடுக்கூடத்தில், அப்பா மடியில் தலைவைத்தபடி.