சுலோஜனா இழுக்கும் வயர்

வயரின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி, முழங்கையால் அளந்து அளந்து சுவரோரமாக நடந்துகொண்டிருந்தாள் சுலோஜனா. அளவு நாடா அவள் பையில் சும்மா கிடக்கும். வெட்டும்போது எப்போதும் ஒரு முழம் கூட விட்டுத்தான் வெட்டுவாள். "பிறகு இழுத்தா நீளுமோ?" என்பாள். குருக்கள்மடத்திலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பி, வீடு, ஆட்கள் வேலை பார்க்கும் கந்தோரென்று கணினிகளுக்கு இணைப்பு வயர் போடுவது அவள் தொழில்.

அன்று களுவாஞ்சிக்குடியில் தனுஷியா வீடு. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிற பெண். முன்னறை ரவுட்டரின் வைபை பின்னறைக்குப் போய்ச் சேர்வதற்குள் களைத்துவிடும். பேச்சு பாதியில் அறுந்துபோகும். இன்றைய கூட்டத்திலும் அறுந்தால் கொழும்புக்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தாய் சீதேவிப்பிள்ளையைத் தனியே விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. போ என்று சொல்லத் தாய்க்கும் வாய் வரவில்லை.

சுலோஜனா வயரின் இரண்டு முனைக்கும் குத்துவதற்கான பிளாஸ்டிக் தலை பூட்டி, ஒன்றை ரவுட்டரில் குத்திவிட்டு, வயரைச் சுவரோடு அடிக்கிற கிளிப் எடுக்க ஸ்கூட்டிக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து வாவிப் பக்கம் இடி உறுமியது. இடி கேட்டால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். சீதேவிப்பிள்ளையும் பிடுங்கினார். உறுமல் அடங்கியதும் எல்லாவற்றையும் பக்குவமாகத் திருப்பிக் குத்தினார்.

சுலோஜனா திரும்பி வந்து பார்த்தால் ரவுட்டரின் விளக்கெல்லாம் பைத்தியம் பிடித்ததுபோல் மின்னுகின்றன. இருந்த வைபையும் செத்துவிட்டது. தனுஷியாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒருக்கா நிப்பாட்டிப் போட்டாச் சரிவரும்" என்று நிறுத்திப் போட்டாள் சுலோஜனா. சரிவரவில்லை. மறுபடியும் போட்டாள். கடைசியில் வயரைப் பிடித்துக்கொண்டே விரலை ஓட்டினாள். அது சுற்றிச் சுழன்று அதே பெட்டிக்குள்ளேயே போய் நுழைந்திருந்தது.

"இந்தத் தலைய ஆரு குத்தின?"

"நான்தான் புள்ள. சும்மா தொங்கிக் கிடந்திச்சு. தூசு போயிரும் எண்டு வெறும் ஓட்டையில போட்டன்."

சுலோஜனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வாலப் பிடிச்சு வாய்க்குள்ளயே குடுத்தாப் பாம்பு என்ன மாமி செய்யும்?"

தலையைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்கின. வயர் கதவு நிலைக்கு மேலாகப் பறந்து பின்னறைக்குப் போனது. கணினியில் குத்தினாள், பச்சை விளக்கு எரிந்தது.

"அக்கா, துவங்கப் போறாங்க."

"நீ கதை. மிச்சத்த நான் பாக்கிறன்."

நிலைக்கு மேல் கடைசிக் கிளிப் இன்னும் அடிக்கவில்லை. ஸ்டூலில் ஏறிச் சுத்தியலை ஓங்கினாள். உள்ளே கூட்டம் தொடங்கிவிட்டது. தனுஷியாவின் குரல் அறுபடாமல், திக்காமல் போய்க்கொண்டிருந்தது. சுத்தியலைச் சத்தமில்லாமல் இடுப்பில் செருகினாள். விட்டால் வயர் நடைவழியில் தொங்கும். யாராவது தட்டினால் போச்சு. பெருவிரலால் அதை நிலையோடு அழுத்திப் பிடித்தாள்.

சீதேவிப்பிள்ளை பிளேன்டீ கொண்டுவந்து நீட்டினார். வேண்டாமென்று தலையை ஆட்டினாள். உள்ளேயிருந்து தனுஷியா சிரிக்கிற சத்தம் கேட்டது.

சுலோஜனா கையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.