மச்சான் பிளக்கைப் பிடுங்கிய நாள்

இரண்டு கணினிக்கும் பொதுவான பிளக்கின் மேல் மச்சானின் கை இருந்தது. திரையில் படங்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. "பிடுங்கவா?" என்று கேட்டவர், நான் வாயைத் திறப்பதற்குள் பிடுங்கிவிட்டார். அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

மச்சான் என் தங்கையின் கணவர். மலேசியாவின் கோத்தா திங்கியில் நாங்கள் இருவரும் கல்யாணப் படம் எடுக்கும் கடை நடத்துகிறோம். மழை பிடித்தால் எங்கள் கடை வரிசையில் கரண்ட் போவது சகஜம். புதிய கணினிக்கு எந்த இயங்குதளம் என்று மூன்று வாரம் மல்லுக்கு நின்றோம். எனக்குப் பிடித்தது முகம் பார்த்து மணமகளின் படங்களைத் தானே பிரித்துக் கொடுக்கும். மச்சானுக்குப் பிடித்ததோ அழகு ஒன்றும் இல்லாத மொட்டைத் திரை. ஆனால், எழுதிய கோப்பு எழுதியபடியே இருக்கிறதா என்று அது சரிபார்த்துக்கொண்டே இருக்கும். "வச்சத பத்திரமா திருப்பிக் குடுக்கலைன்னா, எத்தன வித்தை காட்டி என்னா லா மச்சான்?" என்பார். பேசி முடியாது என்று ஆளுக்கொரு கணினியில் அவரவருக்குப் பிடித்ததைப் போட்டு, படம் ஏறும்போதே கரண்டை நிறுத்திச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தோம்.

வாடிக்கையாளர் படத்தில் கைவைக்கக் கூடாது என்பது கடைச் சட்டம். அதனால் நான் எடுத்த மச்சானின் கல்யாணப் படங்களையே எடுத்தோம். முகூர்த்தம் இருந்த மெமரி கார்டு என் கணினிக்கு, மாலை விருந்து இருந்தது அவருடையதற்கு. ஊரார் படத்துக்கெல்லாம் இரண்டு பிரதி வைக்கும் நாங்கள், வீட்டுப் படத்துக்கு வேறு பிரதியே வைக்கவில்லை. அவரிடம் இருக்கும் என்று நானும், என்னிடம் இருக்கும் என்று அவரும் இருந்துவிட்டோம். போதாததற்கு, அடுத்த கல்யாணத்துக்குக் கார்டைக் காலி செய்யும் பழக்கத்தில் 'காப்பி' கொடுக்காமல் 'கட்' கொடுத்திருந்தேன்; கணினிக்கு ஏறிய படம் கார்டிலிருந்து அழிந்துவிடும்.

பிளக்கைத் திரும்பச் செருகியதும் என் கணினி ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்தது. எல்லாப் படங்களின் பெயரும் இருந்தது. தாலி கட்டும் படத்தைத் திறந்தால் தங்கையின் நெற்றி வரைக்கும்தான் படம், கீழே வெறும் சாம்பல் நிறம். கார்டிலும் தேடினோம், அகப்படவில்லை. மச்சானுடையதில் யாரோ பாயசம் குடிக்கும் ஒரு படம் மட்டும் இல்லை. இல்லை என்பதை அதுவே எழுதிக் காட்டியது.

"தங்கச்சிகிட்ட இப்ப சொல்லாதீங்க மச்சான், தீபாவளி முடியட்டும்" என்றேன். அதற்குள் அவர் அவளுக்குப் போன் போட்டுவிட்டார்.

"தாலி கட்டுன போட்டோ போச்சும்மா. இனி கிடைக்காது. தப்பு எங்க ரெண்டு பேரோடதும்தான்."

தங்கை அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "அலமாக்! வீட்ல ரெண்டு போட்டோக்காரங்க இருந்தும் எனக்குத் தாலி கட்டுன படம் இல்ல!" என்று சிரித்தாள். எனக்கு மச்சானைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. மறுநாளே மொட்டைத் திரையைக் கடைக் கணினியில் ஏற்றினோம்.

நான் மறைக்கச் சொன்னதை மச்சான் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டிருக்கிறார். இதை எழுதி முடித்ததும் முதலில் தங்கைக்குத்தான் அனுப்பப் போகிறேன்.