என் நம்பரில் இருந்தவர்கள்

முக்கூடல் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் என் கடை. ஜெராக்ஸ் எடுப்பேன், ஆன்லைனில் அரசாங்க விண்ணப்பங்கள் போட்டுக் கொடுப்பேன். கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தொட்டு, கெடுத்து, நானாகக் கற்றுக்கொண்டது. ஆனால் கம்ப்யூட்டரைவிட எனக்குப் பிடித்தது கடைக்கு வருகிறவர்களின் பேச்சு. கைரேகை மெஷின் நாலு தடவை மறுத்தபோது ஒரு பெரியவர் சொன்னார்: "எனக்கு என்னையத் தெரியுது. அரசாங்கத்துக்குத்தான் ஆளு அடையாளம் தெரியல." திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்து ஒரு அம்மா, "செக்கு மாதிரி சுத்துது, எண்ணெயத்தான் காணோம்" என்றார். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் வேறொன்றும் இருந்தது. சொல்ல வந்தது அதைத்தான்.

எதற்கெடுத்தாலும் ஆதாரோடு போன் நம்பர் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற பெண்கள். தன் பெயரில் ஒரு சிம் வாங்கப் போனால், விரலை வை என்பார்கள். வருஷக்கணக்காக இலையை உருட்டிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? "போன் இல்லையே தம்பி, யாரு நம்பரப் போட?" என்று வந்து நிற்பார்கள். "இதுக்குப் போயி ஏன்க்கா முழிக்கிய? என் நம்பரப் போட்டுக்கிடுவோம்" என்பேன். ஆதார் மையத்தில் கொடுக்கும் படிவத்தில் என் இரண்டாவது சிம்மின் நம்பரை எழுதிக் கொடுப்பேன். ஓ.டி.பி. நேராக என் கைக்கு வரும், வேலை சட்டென்று முடியும். என்னைப் போலக் கடை வைத்திருந்த பல பேர் செய்ததுதான். உபகாரம் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

விரல் பதியாவிட்டால் அட்டையையும் முகத்தையும் போட்டோ எடுத்து சிம் கொடுக்கிற வழியும் உண்டு. அது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. போன் அவர்கள் கையிலேயே இருந்துவிட்டால் என்னைத் தேடி ஏன் வரப்போகிறார்கள்?

இப்படி நாற்பத்தொரு பெயர், நோட்டின் கடைசிப் பக்கங்களில்.

அந்த இரண்டாவது சிம்முக்கு ஒரு கட்டத்தில் ரீசார்ஜ் போடாமல் விட்டேன். புழக்கத்தில் இல்லாத நம்பரை கம்பெனி திரும்ப எடுத்து வேறு ஆளுக்குக் கொடுக்கலாம், விதி அப்படி. நிறுத்தப் போகிறோம் என்று செய்தியும் வந்தது. நாற்பத்தொரு பேர் ஞாபகம் வராமலா இருக்கும்? வந்தது. அப்புறம் பார்ப்போம் என்று போனை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிருக்கும். ஒரு திங்கட்கிழமை வடக்குத் தெரு அக்கா வந்தார். வீட்டுக்காரர் இல்லை, பீடி சுற்றித்தான் ஒரே மகளை வளர்த்தவர். மகளுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. குடும்பத்தில் பட்டப்படிப்புக்குப் போகும் முதல் ஆள் இவள்தான் என்று ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் கட்டணத்தில் சலுகை உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பித்த ரசீதையாவது காட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"ஒரு பட்டனத் தட்டி என் பிள்ளையக் காலேசுக்குள்ள தள்ளி விட்டுரு தம்பி" என்றார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். பிள்ளையின் ஆதார் நம்பரை அடித்ததும், ஓ.டி.பி. அனுப்பிவிட்டதாகத் திரை சொன்னது. கூடவே போன் நம்பரின் கடைசி இலக்கங்களையும் காட்டியது. என் பழைய நம்பர். பிள்ளை ஒன்பதாவது படிக்கும்போது நான் எழுதிக் கொடுத்தது.

"செர்வர் வேலை செய்யலக்கா. நாளைக்கி வாங்க."

செவ்வாய்க்கிழமை வந்தார். "கவர்மெண்டு புதுசா ஒரு சட்டம் போட்டுருக்கான். அதான் இழுக்குது" என்றேன். கடையில் நின்ற இரண்டு பேர் அரசாங்கத்தைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். அக்கா மட்டும் திட்டவில்லை. "மெசினு என்ன செய்யும், பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அதை நோட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்று ராத்திரி என் பழைய நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன், யாரோ இந்தியில் பேசினார்கள். புதன்கிழமை காலை பக்கத்துப் பரோட்டா கடையில் வேலை பார்க்கும் பீகார்காரரைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லி, மறுபடி அதே நம்பருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். மணி அடிப்பதற்கு முன்னால் அரசாங்கத்தின் எச்சரிக்கை வந்தது: ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள், மோசடிக்காரர்களிடம் ஏமாறாதீர்கள். அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தார்.

எடுத்தது ஒரு பெண். ஓ.டி.பி. வந்தால் சொல்லும்படி பீகார்காரர் இந்தியில் கெஞ்சினார். அந்தப் பக்கம் இரண்டு வரி பேசிவிட்டு வைத்துவிட்டாள்.

"என்ன சொல்லுதா?" என்றேன்.

பீகார்காரர் தயங்கினார். "திருட்டுப் பயலேன்னு சொல்லுது அண்ணாச்சி. போலீசுக்குப் போவேன்னு சொல்லுது."

அவள் பேசியதில் ஒரு குற்றமும் இல்லை. சட்டம் சொன்னபடி நடந்த ஆள் அன்றைக்கு அவள் ஒருத்திதான்.

"யாரத் திருடன்னு சொல்லுதா?" என்று அக்கா கேட்டார். பீகார்காரர் பைய நழுவிப் போய்விட்டார். வேறு வழி இல்லாமல் சொன்னேன். நம்பர் என்னுடையது, போய்விட்டது, இப்போது யாரிடமோ இருக்கிறது.

"அப்ப செர்வரு?"

"செர்வர் நல்லாத்தான்க்கா இருக்கு."

"சட்டம்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அக்கா சத்தம் போடவில்லை. "ரெண்டு நா தட்டு எடுக்கல தம்பி நானு" என்றார். தட்டு என்பது பீடி சுற்ற மடியில் வைத்துக்கொள்ளும் முறம். "திங்கக்கிழமையே சொல்லிருந்தா அன்னைக்கே வழி பாத்திருப்பேன்லா. எனக்கு அறிவு கிடையாதுன்னு நீ நெனச்சுட்ட."

அன்று மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு அவரையும் மகளையும் சேரன்மகாதேவிக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் இரண்டு பேரும் என்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். முதலில் அக்கா பெயரில் ஒரு சிம். அவர் விரல் பதியவில்லை. போட்டோ எடுக்கும் முறையில் கொடுங்கள் என்று நான் கேட்டதும் கடைக்காரர் கால் மணி நேரத்தில் கொடுத்துவிட்டார். "இப்படி ஒரு வழி இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அக்கா கேட்டார். "தெரியும்க்கா" என்றேன். அந்த வாரத்தில் நான் சொன்ன இரண்டாவது உண்மை. பிறகு ஆதார் மையத்தில் பிள்ளை விரலை வைத்து நம்பரை மாற்றினாள். ஏறுவதற்கு ஒரு நாளும் ஆகலாம், நாலு நாளும் ஆகலாம் என்றார்கள்.

வியாழக்கிழமை முழுக்கத் திரை பழைய நம்பரையே காட்டியது. வெள்ளிக்கிழமை காலையிலும் அதுதான். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மறுபடி ஆதார் நம்பரை அடித்ததும், கடையில் காத்திருந்த அக்கா மடியில் வைத்திருந்த புது பட்டன் போன் சிணுங்கியது.

பழக்கத்தில் கையை நீட்டினேன். அக்கா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யாருகிட்டயும் சொல்லப்பிடாதுன்னு கவர்மெண்டு சொல்லுதுல்லா தம்பி. நீ செத்த எந்திரி. பிள்ள அடிப்பா."

எழுந்தேன். என் நாற்காலியில் பிள்ளை உட்கார்ந்தாள். அவள் காதோரம் குனிந்து, ஒவ்வொரு எண்ணாக அக்கா முணுமுணுத்தார். நான் வெளியே போய், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன். ரசீதை இரண்டாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, மகளை இழுத்துக்கொண்டு பாளையங்கோட்டை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

இடம் போகவில்லை. பிள்ளை இப்போது இரண்டாம் வருஷம். அக்கா ரோட்டில் பார்த்தால் நன்றாகத்தான் பேசுகிறார். கடைக்குள் மட்டும் வருவதில்லை.

அந்த நாற்பத்தொரு பேரில் முப்பது பேர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டியவர்களும் உண்டு, காபி கொடுத்தவர்களும் உண்டு. மீதி ஆட்களிடம் இன்னும் போகவில்லை. வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேலை அப்படி ஒன்றும் இல்லை.