மூன்று விடைகள் பொருந்திய கட்டம்

பர்னபாஸை அறிவாளி என்று நான் சொல்லமாட்டேன். ஞாபகசக்தி இருந்தது, அவ்வளவுதான். 1928ஆம் வருஷத்து முத்துக்குளிப்புச் சலாபத்தில் மூழ்கி ஒரு காது போயிற்று. அதன்பின் சலாபமே நடக்கவில்லை. துறைமுகத்தில் தோணிகளுக்கு உப்பு மூட்டை சுமந்தார். கோயில் பள்ளியில் மனப்பாடம் செய்த ஞானோபதேசம் மட்டும் கேள்வியும் பதிலுமாக நெஞ்சில் நின்றது. ஒரு கேள்விக்கு ஒரு பதில். கேட்பவருக்கு அது தெரியும். உலகத்தையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

1946இல் பத்திரிகைக் குறுக்கெழுத்துப் போட்டி ஊரைப் பிடித்து ஆட்டியது. அவர் மகள் அல்போன்சா பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தாள். ஜூனுக்குள் விடுதிக் கட்டணம் கட்டாவிட்டால் இரண்டாம் வருஷம் கிடையாது. முதல் பரிசு ஆயிரம் ரூபாய்.

ராஜதுரையின் வெற்றிலைக் கடையில் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பினார். கொற்கை, டச்சுக்காரர் என்று சரித்திரக் கேள்விகள் எளிதில் முடிந்தன. மிஞ்சியது நீதி வாக்கியம் ஒன்று: ‘இதை இழந்தவன் வாழ்ந்தும் பயனில்லை.’ முதல் கட்டம் மட்டும் காலி. மானம், ஞானம், தனம் மூன்றும் பொருந்தின.

“மூணு கூப்பனாப் போடும் பர்னபாசு. நான் அப்படித்தான் போடுதேன்.”

“அது பதில் தெரியாதவன் செய்யுத வேல அண்ணாச்சி. கேட்டவன் மனசுல ஒண்ணுதான இருக்கும்? மானம்தான்.”

“கடக்காரன்ட்ட கேட்டா தனம்னு சொல்லுவான். மூட்ட தூக்குதவருக்கு மானம்” என்று ராஜதுரை சிரித்தார்.

ஒரே கூப்பன் போயிற்று. விடை ஞானம் என்று வந்தது. பல பதில்கள் பொருந்தும் இடத்தில், எது சரி என்பதைப் பத்திரிகை ஆபீசில் முன்கூட்டியே முத்திரையிட்டு வைத்த உறைக்குள் இருக்கும் தாள் முடிவு செய்கிறது. பர்னபாஸுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை.

நானூற்றுப் பதினோரு பேர் பரிசைப் பங்கிட்டார்கள். ராஜதுரைக்கு வந்தது இரண்டு ரூபாய் ஏழணா.

“நீரு ஜெயிச்சிருந்தாலும் இவ்வளவுதான் ஓய்.”

பர்னபாஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “மானம் எப்படித் தப்பாவும்?” என்றார்.

ஜூன் முதல் வாரம் அல்போன்சா டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். அப்பா மூன்று விடைகளையும் சொல்ல, பத்திரிகையை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள்.

“மூணும் சரியாத்தான இருக்கு, அப்பா.”

“அப்படி இருக்கக் கூடாது, ஏளா.”

அவர் மனைவி மெட்டில்டா அடுப்படியிலிருந்து சொன்னாள்: “கருவாட்டுக் கிட்டங்கில மூட்ட கட்ட ஆள் கேக்காவ. நாளைக்கே வரணுமாம்.”

அல்போன்சா பத்திரிகையை மடித்து வைத்தாள். “எத்தன மணிக்கு?” என்று கேட்டாள்.