சாம்பல் போடாத பாதி

என் வீட்டுக்காரர் மின்நிலையத்தில் சாம்பல் லாரி ஓட்டுகிறார். பத்து வருஷமாக அவர் சட்டையைத் துவைத்துத் துவைத்து என் கைதான் தேய்ந்தது. மனுஷன் பரம சாது. யாரையாவது ஒதுக்கி வைத்தால் மட்டும் அவருக்குத் தாங்காது. எங்கள் கல்யாணப் படத்தில் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆள் யாரென்று கேட்டால், "வாசல்ல தனியா நின்னுட்டிருந்தார், பாவமா இருந்துச்சு" என்பார்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பேட்டரி ஆலை இருந்தது. மூடிவிட்டுப் போனவர்கள் அமிலத்தையும் ஈயத்தையும் எங்கள் மண்ணிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு வீட்டுக் கொல்லையிலும் ஒரு புல் கிடையாது. 'குழந்தையை மண்ணில் விடாதீர்கள்' என்று டாக்டர் சொன்னதிலிருந்து, நாலு வயது மகளைப் பின்கதவுப் பக்கம் போகாமல் இழுத்துப் பிடிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது.

அப்போதுதான் மண்ணைப் பரிசோதிக்க ஒரு அம்மா வந்தார். மின்நிலையச் சாம்பலையும் காகித ஆலை கழித்துப்போடும் சுண்ணாம்புச் சேற்றையும் கலந்து போட்டால் அமிலம் அடங்கும், ஈயமும் வேருக்குப் போகாமல் மண்ணோடு கட்டுப்பட்டுக் கிடக்கும் என்றார். ஆலையை ஒட்டிக் கிடந்த காலி மைதானத்தைக் கயிறு கட்டி இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்குக் கலவை, மறுபாதி சும்மா. இரண்டிலும் ஒரே புல் விதை. வித்தியாசம் தெரிந்தால் பன்னிரண்டு கொல்லைக்கும் கலவை வரும், தெரியாவிட்டால் மூட்டை கட்டிவிடுவார். சாம்பல் கொட்டுகிற வேலையும் காவலும் இவருக்கு. ஊரில் வேறு ஆளா இல்லை?

மூன்று மாதம் கழித்து அம்மா வந்து பார்த்தார். இரண்டு பாதியும் பச்சைப்பசேல்.

"போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான் போலிருக்கு" என்று பேனாவைத் திறந்தார்.

இவரைத் திரும்பிப் பார்த்தேன். திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"அந்தப் பக்கம் மட்டும் மொட்டையாக் கிடந்துச்சு. மனசு கேக்கல. மிச்சக் கலவையைப் போட்டு விதையும் தூவிட்டேன்."

"மண்ணு வந்து உங்ககிட்ட அழுதுச்சா?"

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "கலவையே படாத மண்ணு எங்கயாவது இருந்தாத்தான் ஒப்பிட முடியும்" என்றார்.

இருந்த கோபத்தில் நான்தான் வாயைவிட்டேன். "எங்க கொல்லையில வந்து பாருங்க மேடம். ஒரு துளி படல."

வந்தார். அதே விதையைத் தூவிவிட்டு நாற்பது நாள் பார்த்தார். ஒன்றும் முளைக்கவில்லை. பரம திருப்தியோடு எழுதிக் கொடுத்தார், திட்டமும் பாஸாகிவிட்டது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு வருஷத்துக்கு எங்கள் கொல்லை மட்டும் அப்படியே கிடக்க வேண்டுமாம்.

இப்போது பதினோரு கொல்லையிலும் புல். மண்ணைச் சோதித்துப் பார்த்து, குழந்தைகள் விளையாடலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். மகள் பக்கத்து வீட்டிலேயே கிடக்கிறாள், சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. இவரை நம்ப முடியாதென்று பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். நேற்று வேலை முடிந்து வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஒரே ஒரு கூடை. யாருக்குத் தெரியப்போகுது?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த நேரம் பார்த்து மகள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நம்ம வீட்டுல எப்பம்மா புல்லு வரும்?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்று காலையில் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். நானே வந்து கெஞ்சினாலும் தரக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.