அம்மாவுக்கு உப்பு ஜாஸ்தி

அம்மா அண்ணாந்து குடிப்பவள். எந்தப் பாத்திரமானாலும் உதட்டில் படக் கூடாது. எட்மண்டனிலிருந்து நான் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலின் பக்கவாட்டில் கோடுகள் இருக்கும். காலை பத்து மணிக்குள் இதுவரை, மதியத்துக்குள் இதுவரை என்று. அங்கே என் அலுவலகத்தில் எல்லார் மேசையிலும் இப்படி ஒன்று உண்டு. பால்புட்டி மாதிரி உறிஞ்சிக்கொண்டே வேலை பார்ப்பார்கள், நானும்தான். உறிஞ்சுவதற்கென்று மூடியில் ஒரு மூக்கு. அந்த மூக்கைப் பார்த்ததும் அம்மா மூடியையே கழற்றி ஓரமாக வைத்துவிட்டாள். வாயகன்ற பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிச் சாய்த்தால் பாதி வாய்க்குள், பாதி புடவைக்குள். தண்ணீர் என்னவோ கோட்டுக்குக் கோடு ஒழுங்காக இறங்கியது. உள்ளே எவ்வளவு போனது என்பதுதான் தெரியவில்லை. மருத்துவர் தண்ணீர் குடிக்க வைக்கச் சொன்ன அந்த இரண்டு வாரமும், திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அம்மாவின் முந்தானை எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்து மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. நான் ஒரே பெண். அப்பா போன பிறகு அவள் தனியாக இருக்கிறாள். போன வருடம் ஒரு காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பால் பாக்கெட் வாசலிலேயே கிடப்பதைப் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா பார்த்து உள்ளே வரும்வரை ஈரத்தரையில் கிடந்திருக்கிறாள். அந்த நேரத்தில் எட்மண்டனில் என் மகளுக்குப் பனிச்சறுக்குக் காலணி அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள அதற்கு முன்பே விண்ணப்பம் போட்டாயிற்று. குலுக்கலில் பெயர் வந்து, காகிதங்கள் போய், கடைசியில் மருத்துவப் பரிசோதனைக்குக் கடிதம் வந்தது. இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு இப்படியொரு கோப்பு இப்போதும் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்தக் கடிதம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெற்றவர்களை அழைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர்கள் உடம்பு அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் பெரும் சுமையாக இருக்கக் கூடாது. அந்த அரசாங்கம் ஒப்புக்கொண்ட மருத்துவர்தான் பார்த்து எழுத வேண்டும். எங்களுக்கு அது சென்னை.

புறப்படுவதற்கு முன் போனில் அம்மாவிடம் நான் சொன்னது இரண்டே வார்த்தை. வெறும் வயிறு. அப்படி வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அங்கே ரத்தம் எடுக்கப் போகும்போதெல்லாம் முந்தைய இரவோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு, காலையில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போவது என் பழக்கம். நல்லதுக்குத்தானே என்று அம்மாவுக்கும் சொல்லிவைத்தேன். அவளுடைய அகராதியில் வயிறு வெறுமையாக இருப்பதற்கு விரதம் என்று பெயர் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. விரதமென்றால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ஊரை விட்டுப் போன இந்தப் பதினேழு வருடத்தில் என்னென்ன மறந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. இப்படி ஏதாவது முட்டும்போதுதான் தெரிகிறது.

நான் விமானத்திலிருந்து இறங்கி நேராக அந்த மருத்துவமனைக்குப் போனேன். திருவண்ணாமலையிலிருந்து விடியற்காலையில் காரில் கிளம்பி அம்மா வந்து சேர்ந்தாள். முகம் வாடியிருந்தது. வயது என்று நினைத்துக்கொண்டேன். காத்திருந்தவர்களில் பாதிப்பேர் அம்மாவைப் போன்றவர்கள், மடியில் பாஸ்போர்ட், பக்கத்தில் பிள்ளை. எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர் எல்லாம் முடிந்தது. முடிவு எப்போது தருவீர்கள் என்று கேட்டேன். "கையில குடுக்க மாட்டோம் மேடம். நேரா அவங்களுக்குத்தான் போகும்" என்றாள் நர்ஸ். அம்மாவின் உடம்பைப் பற்றிய செய்தி, அவளைப் பார்த்தேயிராத யாருக்கோ முதலில் போய்ச் சேரும்.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து அந்த மருத்துவரே கூப்பிட்டார். சிறுநீரில் புரதம் போகிறது, ரத்தமும் தெரிகிறது, கிரியாட்டினின் இருக்க வேண்டியதைவிடக் கூடுதல், கிட்னியைப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்றார். கிட்னி என்ற சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. அதுதான் அவர்கள் சுமை என்று சொல்லும் நோய்களில் ஒன்று என்று எனக்குத் தெரியும். கோப்பு மூடினால் மூடியதுதான். அம்மா இங்கே, இந்தக் குளியலறையோடு.

அன்று சாயங்காலம் மல்லிகா அக்கா வந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பெரிம்மாக்குக் காலு ரெண்டும் இன்னும் வீங்கித்தான் இருக்குது பாத்தியா? நானாவது அடி அண்ணாமலைல ஒரு டீ குடிச்சேன். அவங்க ஒரு சொட்டு தண்ணி குடிக்கலயே."

"எப்பக்கா?"

"பௌர்ணமிக்குத்தான். நீ ஃப்ளைட்டுல வந்துனு இருந்தியே, அன்னிக்கு. காலைல மெட்ராஸ் போணுமேன்னு மத்தியான வெயில்லயே கெளம்பிட்டோம்."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏண்டி மல்லிகா, உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டினா இன்னாடி?"

மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர். வெறுங்கால். வெயில். அன்றைக்கெல்லாம் அன்னந்தண்ணீர் இல்லை. மறுநாள் நேராகப் போய் ரத்தம் கொடுத்திருக்கிறாள்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "டெஸ்ட்டுக்கு மொத நாளா நடப்பே?"

"டெஸ்ட்டு அன்னிக்கு எப்படிடி நடக்கறது? மெட்ராஸ்ல இல்ல இருப்பேன்?"

"தண்ணிகூடவா குடிக்கக் கூடாது?"

"நீதானே வெறும் வயித்துல இருன்னு சொன்னே?"

சொல்லக் கூடாததைச் சொன்னேன். "பாஸாகணும்னு வேண்டிக்கினுதானே போனே? உன் சாமியே உன் பேப்பரக் கெடுத்துட்டாரு, போ" என்றேன். மல்லிகா அக்கா எழுந்து நின்றுவிட்டார். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"நான் ஒண்ணும் வேண்டிக்கல" என்றாள் கடைசியில். "சொல்லிக்கினு வரலாம்னு போனேன். மாசாமாசம் வர்றவ திடீர்னு நின்னுட்டா, எங்கடா இவளக் காணோம்னு இருக்காது?"

அன்றிலிருந்து இது என்னை அறுத்துக்கொண்டிருக்கிறது. நான் இந்த ஊரை விட்டுப் போன நாளில் யாரிடம் சொல்லிக்கொண்டேன்? பெட்டி எடை கூடிவிட்டது என்று கடைசி நிமிஷத்தில் ஊறுகாய் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தது ஞாபகம் இருக்கிறது. அப்பா கார்க் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியைத் தட்டியது ஞாபகம் இருக்கிறது. திண்டிவனம் சாலையா, வேறு சாலையா, எந்த வழியாகப் போனோம் என்பதுகூட ஞாபகம் இல்லை. ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ரொம்ப தூரத்துக்கு மலை தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் மருத்துவரைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். மனிதர் சிரிப்பை அடக்கினார் போலிருந்தது. "பதினாலு கிலோமீட்டரா? இத மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா? ரெண்டு வாரம் நடக்க விடாதீங்க, நல்லா தண்ணி குடிக்கச் சொல்லுங்க, மறுபடியும் எடுத்துப் பாக்கலாம்" என்றார். பிறகு குரல் மாறியது. "ஆனா நடந்ததாலதான் இப்படின்னு நான் இப்ப சொல்ல முடியாது. நெஜமாவே ஏதாவது இருந்தா அதயும் எழுதித்தான் ஆகணும்."

விடுப்பை நீட்டிக்க எட்மண்டனில் என் மேலாளரை அழைத்தேன். நல்ல பெண்மணி. அம்மா ஒரு மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடந்துவிட்டார், அதனால் பரிசோதனை மாறிவிட்டது என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன். "எழுபத்தொரு வயதிலா! அற்புதம்" என்றார். "எந்த நோய்க்காக நிதி திரட்டினார்கள்?" எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. அங்கே கூட்டமாக மனிதர்கள் நடந்தால், ஏதோ ஒரு நோயின் பெயரால், சட்டையில் எண் குத்திக்கொண்டுதான் நடப்பார்கள். கிரிவலத்தை விளக்க எனக்குத் தெம்பில்லை. "கிட்னிக்காக என்று நினைக்கிறேன்" என்றேன். "அம்மாவிடம் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்." சொன்னேன். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். "பாரு, வெள்ளக்காரிக்கே தெரியுது" என்றாள்.

ஒரு வாரத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது, அம்மாவுக்கு உப்பு ஜாஸ்தி என்று. கிரியாட்டினின், புரதம் எல்லாவற்றுக்கும் இங்கே பெயர் உப்புதான். பூக்காரம்மா நெருஞ்சிமுள் கொடுத்தனுப்பினார். எதிர்வீட்டிலிருந்து வாழைத்தண்டு வந்தது, இரண்டு வீடு தள்ளி பார்லி கஞ்சி. மருந்துக் கடைக்காரர் என்னைத் தெருவில் நிறுத்தி, "ஒரு டெஸ்ட்டு இங்கயே எடுத்துப் பாத்துடலாமேம்மா, சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட்டு வந்துடும்" என்றார். அங்கே என் ரத்தத்தின் விவரம் கடவுச்சொல் போட்ட திரைக்குள் வரும், என் கணவர்கூடப் பார்க்க முடியாது. கேட்பதற்கும் ஆளில்லை. மூன்று வருடத்துக்கு முன் மார்பில் கட்டி என்று சந்தேகப்பட்டு நான் பதினொரு நாள் காத்திருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் தினமும் பேசியது பனி எப்போது விடும் என்பதைப் பற்றி மட்டும். எது மேல் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அங்கே தனியாகப் பயந்தேன். இங்கே ஊரே சேர்ந்து பயந்ததில், பயம் ஒன்றும் குறையவில்லை. உள்ளூர் சோதனைக்கும் துணியவில்லை. கூடுதலாக வந்துவிட்டால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு மிச்ச நாட்களை எப்படிக் கழிப்பது?

மகள் வீடியோவில் வந்தாள். பதினான்கு வயது. "பாட்டி ஃபெயில் ஆயிட்டாங்களா?" என்றாள். இல்லை, திரும்ப எழுதுகிறாள் என்றேன். "நீ எப்ப வருவ? அப்பாக்கு சாம்பார் வைக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி இருமினாள். அந்த இருமல் இரண்டு நாள் என் காதிலேயே இருந்தது. இங்கே ஒரு உடம்பு, அங்கே ஒரு உடம்பு. இருப்பது ஒரு கண்தான், அதை எந்தப் பக்கம் வைப்பது?

இரண்டாம் முறை சென்னைக்குப் போனபோது அம்மாவுக்கு வழியெல்லாம் தண்ணீர் கொடுத்தேன். மேல்மருவத்தூர் தாண்டியதும், "இன்னும் ஒரு வாய் குடிச்சேன்னா நான் இங்கயே எறங்கிக்கிறேன்" என்றாள். மருத்துவமனையில் அதே நர்ஸ். அம்மாவைப் பார்த்து, "இந்தத் தடவ எங்கயும் சுத்திட்டு வரலயே?" என்றாள். "லிஃப்ட்டுக்குத்தாம்மா நடந்தேன்" என்றாள் அம்மா.

பிறகு நான்கு நாள். தூங்கினேனா என்றால் தூங்கினேன். சாப்பிட்டேனா என்றால் சாப்பிட்டேன். துணி மடிக்கும்போது போன் அடித்தால் துணி கீழே விழும், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் மொட்டை மாடியில் வற்றல் மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சென்னை எண் வந்தது. "எல்லாமே நார்மல்மா. அனுப்பிட்டோம்." நான் சூடான தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சுடுகிறது என்று தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கீழே போய்ச் சொன்னபோது அம்மா, "அப்ப உப்பு கம்மியாயிடுச்சா?" என்றாள். அப்புறம் மல்லிகா அக்காவைக் கூப்பிட்டு அதையே சொன்னாள்.

அதன்பின் கோப்பு வேகமாக நகர்ந்தது. பாஸ்போர்ட் கேட்டார்கள், முத்திரையோடு திரும்பி வந்தது. போன வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் டிராவல்ஸுக்குப் போனேன். என் தேதியை மாற்ற வேண்டும், அதே விமானத்தில் அம்மாவுக்கும் இடம் பிடிக்க வேண்டும். நானும் வருவேன் என்று அம்மா கூடவே வந்தாள். டிராவல்ஸ்காரர் இரண்டு பெயரையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"எனக்கு ஒன்-வேன்னு இருக்குதே, அப்படின்னா இன்னாது?" என்றாள்.

"போறதுக்கு மட்டும்மா" என்றார் அவர்.

"இவளுக்கு வேற என்னமோ போட்டிருக்குதே?"

"அவங்களுது ரிட்டன்மா. அவங்க அங்கேர்ந்து வந்தவங்க இல்லையா? இது அவங்க திரும்பிப் போறது."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். யாரோ தெரிந்தவர் ஜாடையில் இருக்கும் ஒரு பெண்ணைப் பார்ப்பது போல. "இந்த ஊரு ஆஸ்பத்திரிலதான் பெத்தேன்" என்றாள் அவரிடம். "அங்கேர்ந்து வந்தவளாம்."

"பேப்பர்ல அப்படித்தாம்மா வரும்" என்று அவர் சிரித்தார்.

ஒரே விமானம். அடுத்தடுத்த இருக்கை. மேலே அவள் பெயர், புறப்பாடு. கீழே என் பெயர், திரும்புதல். அம்மா தாளை என் கையிலிருந்து வாங்கினாள், மேசையில் வைத்து விரலால் அழுத்தி இரண்டாக மடித்தாள். மடிப்பு எங்கள் பெயர்களுக்கு நடுவே விழுந்தது.