பின்சீட்டுக்குள் ஒரு நோயாளி

எங்கள் காரின் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று முதலில் அறிவித்தவர் என் கணவர். மின்துறையில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டார்ச் லைட் முதல் இடி மின்னல் வரை எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் கடைசி வார்த்தை அவருடையதாக இருக்க வேண்டும். நான் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். உயிருள்ளதெல்லாம் என் இலாகா, கரண்ட் ஓடுவதெல்லாம் அவர் இலாகா என்று கல்யாணமான புதிதிலேயே பாகம் பிரித்துக்கொண்டோம். இந்தக் கார் வரும்வரை எல்லைத் தகராறு எதுவும் வந்ததில்லை.

கார் என் தம்பி வாங்கியது. பிரெஞ்சு குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பாரிஸ் பக்கம் போனவன், இனி புதுச்சேரிதான் என்று ஒருமுறை மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினான். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும் என்று பெருமையாக இந்த ஹைப்ரிட் காரை வாங்கினான். இரண்டு கோடை தாங்கினான். "அக்கா, இனிமே வக்கான்ஸுக்கு மட்டும் வரேன்" என்று, லீவுக்கு வந்துபோகிற பிரெஞ்சுக்காரனாகவே மாறி விமானம் ஏறிவிட்டான். போகும்போது, இனி இது உனக்குத்தான் என்று கார் சாவியை என் கையில் கொடுத்தான். என் கணவரிடம் கொடுக்கவில்லை. அதை அவர் கவனித்தார்.

அந்தக் காரில் கியர் கிடையாது. அந்த ஒரே காரணத்தால்தான் நான் ஐம்பத்தாறு வயதில் டிரைவர் ஆனேன். டிரைவிங் ஸ்கூலில் கியர் வண்டியில் பழகிய கதை வேறு. நெல்லித்தோப்பு சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி இரண்டு குதி குதித்து நின்றுவிடும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவர் "கிளட்ச்சு மேடம், கிளட்ச்சு" என்று பிரசவ வார்டில் புருஷன்மார்கள் தவிப்பதைப் போலத் தவிப்பார். லைசென்ஸ் எப்படியோ வந்துவிட்டது. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம்.

அதற்கு முன் என் வாழ்க்கையில் நான் எப்போதும் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். டவுன் பஸ், ஆஸ்பத்திரி வேன், கணவரின் ஸ்கூட்டர். யாராவது "ஏறு" என்றால் ஏறுவேன், "இறங்கு" என்றால் இறங்குவேன். இந்தக் கார் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மட்டும் வீராம்பட்டினம் போய், படகு கரைக்கு வருகிற நேரத்தில் மீன் வாங்கிக்கொண்டு திரும்புவேன். கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருவேன். ஏன் லேட் என்று கேட்டால் வஞ்சிரம் கிடைக்கவில்லை என்பேன். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்பதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

மீன் தண்ணீர் சீட்டில் இறங்கிவிடக் கூடாதே என்று பின்சீட்டில் ரப்பர் ஷீட் விரித்து வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கை நனையாமலிருக்க விரிப்போமே, அதே ஷீட். அதே மாதிரிதான் விரிப்பேன். நான்கு மூலையும் மடித்து, ஓரத்தை உள்ளே செருகி, ஒரு சுருக்கம் இல்லாமல். ஷீட்டைக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போடுவது என் கணவரின் வேலை. அவர் போட்டால் பாய் மாதிரிக் கிடக்கும். நான் திரும்பவும் இழுத்து மடிப்பேன்.

போன சித்திரையில் நோய் ஆரம்பித்தது. டேஷ்போர்டில் பேட்டரிப் படத்தில் கோடுகள் நிறைந்திருக்கும். மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் ஒன்றுதான் மிஞ்சும். இரண்டு நிமிஷத்தில் மறுபடி நிறைந்துவிடும். நாடித் துடிப்பு இப்படி ஏறி இறங்கினால் நான் டாக்டரை எழுப்பியிருப்பேன். பின்சீட்டுப் பக்கமிருந்து ஒரு ஃபேன் சத்தமும் வந்தது. படியேறி வந்தவருக்கு மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன். ஒருநாள் மஞ்சள் விளக்கு எரிந்து, ஹைப்ரிட் சிஸ்டத்தைச் சோதிக்கவும் என்று எழுத்து வந்தது.

என் கணவர் வைத்தியத்தில் இறங்கினார். முதலில் கடைக்குப் போய் இரண்டு கேன் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வந்தார். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அவர்தான் ஊற்றுவார். இந்தப் பேட்டரிக்கு மூடி எங்கே என்று காரைச் சுற்றிச் சுற்றித் தேடினார். மூடியே இல்லை. "மூடி இல்லாத பேட்டரிய எவன் கண்டுபுடிச்சான்?" என்று அந்தக் கம்பெனியையே சந்தேகித்தார். அடுத்தது, ஏசி போடக் கூடாது என்று சட்டம் கொண்டு வந்தார்.

"லோடு கொறச்சாத்தான் பேட்டரி தாங்கும். கரண்ட்டப் பத்தி எனக்குச் சொல்லாத."

கத்திரி வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு, வேர்த்து ஊற்ற ஓட்டினேன். எதிர்வீட்டு அம்மாள் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கொண்டு வந்து முன்னால் கட்டிவிட்டுப் போனார். மூன்று சிகிச்சைகளிலும் பக்க விளைவு இல்லாதது அது ஒன்றுதான்.

சர்வீஸ் சென்டரில் முழு பேட்டரியையும் மாற்ற வேண்டும் என்றார்கள். ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், செலவும் பெரியது. வீட்டுக்கு வந்ததும் என் கணவர் தீர்ப்பைச் சொன்னார். காரைக் கொடுத்துவிடுவது, பதிலுக்கு அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் விற்கிற சின்ன வண்டியை எடுத்துக்கொள்வது.

"அது கியரா?" என்றேன்.

"கியர்தான். வண்டின்னா கியர் இருக்கணும். நான் ஓட்டுறேன், நீ ஜம்முனு உக்காந்து வா."

ஜம்மென்று உட்கார்ந்து வருவதைத்தான் நான் முப்பது வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்குச் சமையலறையில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே விழுந்தன. கியர் வண்டி என்றால் என் கதை முடிந்தது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உங்கள் ஏசி சட்டத்தால் வண்டிக்குள் சூடேறித்தான் பேட்டரி வெந்துபோனது என்று நான் சொன்னேன். அதை ஒரு தடவையோடு விடவில்லை. காபி கொடுக்கும்போதும் சொன்னேன், மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் சொன்னேன். தம்பிக்கு போன் போட்டு, அவர் காதில் விழுகிற மாதிரியும் சொன்னேன்.

என்னோடு வேலை பார்த்த ஒருத்தி, தட்டாஞ்சாவடியில் ஒரு மெக்கானிக் இருப்பதாகவும், இந்த மாதிரி பேட்டரிகளைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்வார் என்றும் சொன்னாள். சாகப்போகிறவர் என்றாலும் இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் விடக் கூடாது என்று வாதாடினேன். நண்பரின் வண்டியைப் பார்க்க வெள்ளிக்கிழமை போவதாக இருந்தது. வியாழக்கிழமை தட்டாஞ்சாவடிக்குப் போனோம்.

மெக்கானிக்குக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தடித்த ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, பின்பக்கமிருந்து ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கினார். "பத்து நிமிஷம் யாரும் கைய வெக்காதீங்க. உள்ள இருக்கிற கரண்ட் அடங்கணும்" என்றார். தன் இலாகாவில் ஒருவர் இவ்வளவு மரியாதையோடு நடந்துகொள்வதைப் பார்த்து என் கணவருக்குத் திருப்தி. பத்து நிமிஷமும் அவர் கம்பத்தில் ஏறிய காலத்துக் கதைகளை மெக்கானிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மெக்கானிக் பின்கதவைத் திறந்தார். ரப்பர் ஷீட்டின் மூலையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்த பிறகுதான் வந்தது. சீட்டின் ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, கம்பி வலை போட்ட மாதிரி ஒரு ஜன்னல் இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

"சீட்டுக்கு அடியில இருக்கிற பேட்டரி இது வழியாத்தான் காத்து இழுக்குது. உள்ள இருக்கிற ஃபேன் கத்து கத்துன்னு கத்தியிருக்குமே? இதப் போயி யாரு இப்டி இறுக்கி மூடி வெச்சது?"

ஜன்னலைக் கழற்றி, உள்ளே இருந்த ஃபேனை வெளியே எடுத்தார். தூசும் பஞ்சும் அப்பிக் கிடந்தன. அதற்கு நடுவில், பளபளவென்று, மீன் செதில்கள்.

முப்பத்துமூன்று வருஷம் வார்டில் நான் அதிகம் சொன்ன வாக்கியம், "கூட்டம் போடாதீங்க, காத்து வரட்டும்" என்பதுதான். நோயாளியின் மூக்குப் பக்கம் போர்வை போனாலே அவர் சொந்தக்காரர்களைப் பிடித்துக் கத்துவேன். ஆக்சிஜன் குழாய் மடங்கிக் கிடக்கிறதா என்று பார்க்காமல் டியூட்டி முடித்ததில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு பேட்டரியின் முகத்தில் ரப்பர் ஷீட்டைப் போட்டு, மூலை மடித்து, செருகி, சுருக்கமில்லாமல் தடவியும் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும்.

"நான்தான்" என்றார் என் கணவர்.

மெக்கானிக் அவரைத் திரும்பிப் பார்த்தார். "என்னா சார் நீங்க. இவ்ளோ நேரம் கரண்ட் ஆபீஸ் கதையெல்லாம் சொன்னீங்க. மூக்கப் பொத்தி வெச்சுட்டு, வயசாயிடுச்சு வயசாயிடுச்சுன்னா எப்டி சார்?"

என் கணவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஷீட்டைக் கழுவிப் போடுகிறவர் அவர்தானே, உண்மையாகவே தான்தான் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் வெள்ளிக்கிழமை கியர் வண்டி வந்துவிடும். அதனால் பட்டறையின் மேற்கூரையில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை அண்ணாந்து பார்த்தேன்.

மூன்று செல்கள் மட்டும் செத்துப்போயிருந்தன. அவற்றை மாற்றி, மற்றவற்றைத் தேற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். "ஆனா எவ்ளோ நாள் ஓடும்னு கேக்காதீங்க. வயசு வயசுதான். காத்து மட்டும் நல்லா வுடுங்க" என்றார். ஒரு வாரம் கழித்து வண்டியை எடுக்கப் போனோம். நான்தான் ஓட்டி வந்தேன். மஞ்சள் விளக்கு எரியவில்லை. ஃபேன் சத்தமும் இல்லை. பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் வழியில், "இனிமேலாவது எதையும் தெரியாம கைவைக்காதீங்க" என்று அவருக்குப் புத்தி சொன்னேன். இதை எழுதும்போது கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

அதன்பின் மூன்று மாதம் வீட்டில் என் ராஜ்ஜியம்தான் நடந்தது. ஏசி முழு வேகத்தில் ஓடியது. கியர் வண்டியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம், பேட்டரியின் மூச்சை அடைத்த கதையை என் கணவர் தானே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பத்தியக்காரருக்கு ஆகாரம் கொடுப்பது மாதிரி அவருக்கு மன்னிப்பை அளவாகக் கொடுத்து வந்தேன்.

ஆவணி மாதத்தில் எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை, படுக்கையை அவரே விரிக்க வந்தார். விரிப்பின் மூலையை ஒரு மாதிரி மடித்தார், பிரித்தார், வேறு மாதிரி மடித்தார். கடைசியில் உருட்டி மெத்தைக்கு அடியில் திணித்தார்.

"முப்பது வருஷமாச் சொல்லித் தர்ற, எனக்கு இந்த மூலை மடிப்பு மட்டும் வரவே மாட்டேங்குது" என்றார். தலையணை உறையை உதறிக்கொண்டே, "அந்த மெக்கானிக்குக்கு அது தெரியாது. அதான் நம்பிட்டாரு" என்றார்.

நான் கட்டிலின் மறுபக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"அன்னிக்கே தெரியுமா?"

"அவரு இழுத்தாரு, வரலியே. அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் நீங்கன்னு சொன்னீங்க? வித்துடலாம்னு ஒத்தக் கால்ல நின்னவரு நீங்கதான?"

"வண்டி நடுரோட்ல நின்னுட்டா நீ தனியா என்ன பண்ணுவியோன்னுதான் விக்கச் சொன்னேன். நீ ஓட்டக் கூடாதுன்னா சொன்னேன்? ஒரு மெக்கானிக் முன்னாடி உனக்குத் தலகுனிவு ஆச்சுன்னா, வீட்டுக்கு வந்ததும் சாவிய ஆணியில மாட்டிட்டு, இனிமே நீங்களே ஓட்டுங்கன்னுடுவ. உன்ன எனக்குத் தெரியாதா?"

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. மூன்று மாதம் நான் கொடுத்த மன்னிப்பையெல்லாம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்ட மனிதர். வெட்கமாக இருந்தது. ஆனால் ஒரு தலைகுனிவுக்கு நான் சாவியை மாட்டிவிடுவேன் என்று எப்படி முடிவு கட்டினார்? எந்தத் தப்புக்கு நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்தேன்? மெமோ வாங்கிய மறுநாளும் டியூட்டிக்குப் போனவள் நான்.

டிபன் முடிந்ததும் ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லையே என்றார். ஆமாம் என்றேன்.

தட்டாஞ்சாவடியில் மெக்கானிக் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அவர் வெளியே வரும்வரை காத்திருந்து, அந்த ரப்பர் ஷீட்டை மடித்துச் செருகியது நான்தான், என் கணவர் இல்லை, அன்றைக்கு நீங்கள் அவரைப் பேசியதை எனக்குப் பேசியதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். நர்ஸாக இருந்தவள் என்பதையும் மறைக்கவில்லை. பக்கத்தில் வேலையாக இருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். என் தலை குனிந்துதான் இருந்தது.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "இதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று, எனக்குப் பின்னால் நின்ற காரை எட்டிப் பார்த்தார். "சார் வரலியா?"

"அவரு வீட்ல இருக்காரு" என்றேன். "நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."